மைக்கேல் ஜோர்டானின் பேஸ்பால் ஆண்டு: ஒரு திறன் மதிப்பீடு

1994-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி இரவு, அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாம் நகரை ஒட்டிய ஹூவரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு மைனர் லீக் (மேஜர் லீக் எனும் உச்ச நிலைக்குக் கீழேயுள்ள லீக்) பேஸ்பால் ஆட்டத்தைப் பார்க்கக் கூடியிருந்தார்கள். 45 என்ற எண் பொறித்த சட்டையோடு பர்மிங்ஹாம் பேரன்ஸ் அணிக்காக இறங்கியவர், ஆறே மாதங்களுக்கு முன்புவரை உலகின் தலைசிறந்த கூடைப்பந்து வீரராக இருந்த மைக்கேல் ஜோர்டான். சாட்டனூகா லுக்கவுட்ஸ் அணிக்கு எதிரான அந்த முதல் ஆட்டத்தில் மூன்று முறை மட்டை பிடித்தும் அவரால் ஒரு ஹிட்கூட (பந்தை அடித்து ஓடி, பேஸ் எனும் இலக்கைப் பத்திரமாக அடைவது) அடிக்க முடியவில்லை. இரண்டு முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார், அதாவது மூன்று ஸ்ட்ரைக்குகளில் ஆட்டமிழந்தார். அந்தப் பருவம் முடிந்தபோது அவருடைய பேட்டிங் சராசரி, அதாவது வாய்ப்புகளில் ஹிட் ஆனவற்றின் பங்கு, 0.202. இந்த எண்ணை வைத்து அவரைக் கேலி செய்தவர்களும் உண்டு, பதின்மூன்று ஆண்டுகள் மட்டையே தொடாமல் இருந்தவர் இவ்வளவு அடித்ததே அதிசயம் என்று வியந்தவர்களும் உண்டு. இந்த ஆய்வு அந்த இரண்டு தரப்பையும் ஒதுக்கி வைத்துவிட்டு, பெயரை மறைத்து இந்த ஆட்டக் குறிப்புகளை ஒரு ஸ்கவுட்டிடம் (அணிகளுக்காக வீரர்களின் திறனை மதிப்பிடுபவர்) கொடுத்தால் அவர் என்ன எழுதியிருக்க வேண்டும் என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொள்கிறது.

ஜோர்டானின் வழக்கை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவருடைய புகழ் அல்ல. வருங்கால வீரர் ஒருவரை மதிப்பிடும்போது வழக்கமாகப் பின்னிப் பிணைந்து கிடக்கும் விஷயங்கள், அதாவது உடல் திறன், கற்ற திறன், வயது, விளையாடும் படிநிலை ஆகியவை, இவரிடம் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன. உடல் திறனில் இவருக்கு நிகரான விளையாட்டு வீரர் மிக அரிது; உழைப்பிலும் குறை சொல்ல முடியாது. இல்லாதிருந்தவை அனுபவமும் காலமும் மட்டுமே. ஆகவே அனுபவத்தின் விலை என்ன என்பதை இந்த ஒரு பருவத்தில் கிட்டத்தட்ட அளந்தே பார்த்துவிடலாம்.

வந்த வழியும் வைக்கப்பட்ட இடமும்

1993 ஜூலையில் ஜோர்டானின் தந்தை ஜேம்ஸ் ஜோர்டான் கொலை செய்யப்பட்டார். அக்டோபர் 6-ஆம் தேதி சிகாகோ புல்ஸ் அணியிலிருந்து ஓய்வு பெறுவதாக ஜோர்டான் அறிவித்தார். மகன் பேஸ்பால் வீரராக வேண்டும் என்பது தந்தையின் நெடுநாள் விருப்பம். புல்ஸ் அணியின் உரிமையாளரான ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃபே சிகாகோ வைட் சாக்ஸ் பேஸ்பால் அணிக்கும் உரிமையாளர் என்பதால் கதவு எளிதாகத் திறந்தது; 1994 பிப்ரவரி 7-ஆம் தேதி வைட் சாக்ஸ் அணியோடு மைனர் லீக் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜோர்டான் கடைசியாக முறையான பேஸ்பால் ஆடியது 1981-இல், வட கரோலினாவின் வில்மிங்டனில் பள்ளி மாணவராக இருந்தபோது. ஒப்பந்தம் கையெழுத்தான பத்தாம் நாள் அவருக்கு வயது 31.

அமெரிக்க மைனர் லீக் அமைப்பைக் கீழிருந்து மேலாக ஏறும் படிக்கட்டு என்று வைத்துக்கொள்ளலாம்: ரூக்கி லீகுகள், ஏ நிலை, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ, அதற்குமேல் மேஜர் லீக். பள்ளி முடித்து வரும் ஒரு திறமைசாலிகூட ரூக்கி நிலையில் தொடங்கி டபுள்-ஏவை எட்ட இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். பலர் அதை எட்டுவதே இல்லை. இந்தப் படிகளில் மிகக் கடினமான தாவல் ஏ நிலையிலிருந்து டபுள்-ஏவுக்கான தாவல்தான் என்று பேஸ்பால் வட்டாரத்தில் நெடுங்காலமாகச் சொல்வார்கள். ஏ நிலையில் வேகமாக எறியத் தெரிந்த பிட்சர்கள் (பந்தெறிபவர்கள்) நிறைய. டபுள்-ஏவிலோ வேகத்தோடு வளைந்து விழும் பந்தையும் நினைத்த இடத்தில் எறியத் தெரிந்தவர்கள் எதிரே நிற்பார்கள்.

ஜோர்டானை நேராக அந்த டபுள்-ஏவில், சதர்ன் லீகில் ஆடும் பர்மிங்ஹாமில் வைத்தார்கள். அவருடைய ஆட்டத்திறன் அந்த நிலைக்கு உரியது என்பதால் எடுத்த முடிவு அல்ல அது. அவரைத் தொடர்ந்து வரும் செய்தியாளர் கூட்டத்தைத் தாங்கும் வசதி கீழ்நிலை அரங்குகளில் இல்லை என்பதே முதன்மையான காரணமாகச் சொல்லப்பட்டது. இந்த வழக்கில் நான் வருத்தத்தோடு குறிப்பிட விரும்பும் முதல் தவறு இதுதான். கற்றுக்கொள்ள வந்த ஒருவரை, அவர் தோற்பது ஏறத்தாழ உறுதியான வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, அந்த வகுப்பின் மதிப்பெண்ணை ஊரறியப் படித்துக் காட்டினார்கள். பயிற்சி முகாம் முடிவதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேடட் இதழ் அவர் மட்டையைப் போட்டுவிட்டுப் போகலாம் என்ற பொருளில் அட்டைப்படம் வெளியிட்டது. ஒரு வீரரைப் பற்றிய மதிப்பீடு அவர் ஆடத் தொடங்குவதற்கு முன்பே வெளிவந்துவிட்டது என்பதைத் தவிர அதில் மதிப்பீடு எதுவும் இல்லை.

அளவுகோல்

ஸ்கவுட்டுகள் பந்தடிக்கும் ஆட்டக்காரரிடம் ஐந்து திறன்களைப் பார்ப்பார்கள்: பந்தை மட்டையில் வாங்கும் திறன், தூரம் அடிக்கும் பலம், ஓட்டம், களத்தடுப்பு, எறியும் கை. ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண். 50 என்றால் மேஜர் லீகின் சராசரி. 80 என்றால் தலைமுறைக்குச் சிலர் மட்டுமே எட்டும் உச்சம். ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு மதிப்பெண்கள் எழுதப்படும், ஒன்று இன்றைய நிலைக்கு, மற்றொன்று முழு வளர்ச்சியில் எட்டக்கூடிய நிலைக்கு. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே ஒருவரை வருங்கால வீரர் ஆக்குகிறது. இன்று 30, நாளை 60 என்று பதினெட்டு வயதுக்காரருக்கு எழுதலாம். அதையே 31 வயதுக்காரருக்கு எழுத ஸ்கவுட்டுக்குக் கை வராது.

மட்டை

ஏனைய நான்கு திறன்களும் சேர்ந்தாலும் முதல் திறனுக்கு ஈடாகாது என்பதால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து, பந்தடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம். மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தை ஏறத்தாழ 0.4 நொடியில் கடக்கும். மட்டையைச் சுழற்றவே அதில் கணிசமான பகுதி போய்விடும் என்பதால், இது என்ன பந்து, எங்கே வந்து சேரும், அடிக்கலாமா விடலாமா என்று தீர்மானிக்கக் கிடைப்பது நொடியின் மிகச் சிறிய பங்கு. கிரிக்கெட்டில் பந்து தரையில் குத்தி எழும்புவதைப் பார்த்து ஆடப் பழகிய நமக்கு இது உடனே பிடிபடாது. இங்கே பந்து காற்றிலேயே திரும்பும், மட்டை உருண்டையானது, தடுத்தாடி நேரத்தைக் கடத்த வழியில்லை. பந்து விரலை விட்டு அகலும் கணத்தில் அதன் தையல் சுழலும் விதத்தைக் கண் பிடித்தாக வேண்டும். இந்த அடையாளம் காணும் வேலையை எந்த உடற்பயிற்சியும் கற்றுத் தராது; ஆயிரக்கணக்கான பந்துகளை ஆட்டச் சூழலில் எதிர்கொண்டால்தான் வரும். ஜோர்டானோடு ஆடிய இருபத்து மூன்று வயது இளைஞர்கள் பள்ளி முதல் கல்லூரி வரை, கோடைக்கால லீகுகள் உட்பட, அந்தப் பந்துகளைப் பார்த்து முடித்திருந்தார்கள். ஜோர்டான் பார்த்திருக்கவில்லை.

இதற்கு ஏப்ரல் மாதமும் அதையடுத்த காலமும் சாட்சி. முதல் ஆட்டத் தடுமாற்றத்துக்குப் பின் அவர் தொடர்ந்து 13 ஆட்டங்களில் ஹிட் அடித்தார், சராசரி 0.300-ஐத் தாண்டியிருந்தது. அப்போது பிட்சர்கள் அவருக்குப் பெரும்பாலும் ஃபாஸ்ட்பால் எறிந்துகொண்டிருந்தார்கள். நேராக வரும் வேகப் பந்தை அவரால் அடிக்க முடிகிறது என்ற செய்தி லீக் முழுவதும் பரவியதும் வளைந்து வரும் கர்வ்பாலும் ஸ்லைடரும் வரத் தொடங்கின. சராசரி சரிந்தது. பேஸ்பால் மதிப்பீட்டில் இதைவிடத் தெளிவான தடயம் கிடைக்காது. எதிராளி தன் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு ஃபாஸ்ட்பாலை அடித்தார் என்பது அவருடைய கைவேகத்துக்கும் கண்ணுக்கும் கிடைத்த நற்சான்று. மாற்றப்பட்ட திட்டத்துக்கு அவரிடம் மறுமொழி இல்லை என்பது அனுபவக் குறையின் சான்று. இரண்டும் ஒரே பருவத்தில் பதிவாகியுள்ளன.

உடல்வாகும் ஒரு சிக்கல். 6 அடி 6 அங்குல உயரம் என்றால் ஸ்ட்ரைக் பகுதி (பந்து வந்தால் அடித்தாக வேண்டிய பரப்பு) மற்றவர்களைவிடப் பெரியது. நீண்ட கைகள் மட்டையைச் சுற்றிக் கொண்டுவர எடுக்கும் பாதையும் நீளம். ஆனால் உயரத்தையே காரணமாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. அதே உயரமுள்ள டேவ் வின்ஃபீல்ட் 3,110 ஹிட்களும் 465 ஹோம் ரன்களும் (பெரும்பாலும் களத்தின் எல்லைக்கு வெளியே போய் விழும் அடி) அடித்தவர். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்தும் ஆடிய அவரை 1973-இல் சான் டியாகோ பட்ரெஸ் அணி தேர்ந்தெடுத்தபோது, அட்லாண்டா ஹாக்ஸ் கூடைப்பந்து அணியும் தேர்ந்தெடுத்தது. மைனர் லீகில் ஒரு நாள்கூட ஆடாமல் நேராக மேஜர் லீகுக்குள் நுழைந்தார் அவர். ஜோர்டானுக்கும் அவருக்கும் உடம்பில் பெரிய வேறுபாடு இல்லை. வின்ஃபீல்ட் இருபத்தொரு வயதுவரை பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார் என்பதே வேறுபாடு.

இனி எண்கள். 127 ஆட்டங்கள், 497 முறை மட்டைக்கு வந்தது, அதில் வாக் போன்றவற்றைக் கழித்துச் சராசரிக் கணக்கில் வரும் 436 வாய்ப்புகளில் 88 ஹிட்கள். 51 ‘வாக்’ (walk), 114 ஸ்ட்ரைக் அவுட்டுகள். பேஸை அடைந்த விகிதம் 0.289. பலரும் பார்க்கத் தவறுவது அந்த 51 ‘வாக்’களை. தவறான பந்தைத் துரத்தாமல் விட்டு, அப்படி நான்கு பந்துகளைப் பெற்று முதல் பேஸுக்கு நடந்து செல்வது வாக். மட்டைக்கு வந்த பத்து முறையில் ஒரு முறைக்கும் சற்று அதிகமாக அவர் அப்படிப் பேஸை அடைந்தார். பந்தின் வகை தெரியாமல் தடுமாறிய ஒருவர் எதை விட வேண்டும் என்பதை இந்த அளவுக்குக் கற்றிருந்தார் என்பதை நான் உண்மையான திறனாகவே எடுத்துக்கொள்கிறேன். பதின்மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்தவரிடம் நான் எதிர்பார்த்திருக்கக்கூடியதைவிட இது மிக அதிகம். ஸ்ட்ரைக் அவுட் விகிதம் ஏறத்தாழ 23 விழுக்காடு. அந்தக் காலத்தில் மேஜர் லீகில் அது 16 விழுக்காடு அளவில்தான் இருந்தது. ஆகவே இவருடையது அதிகம்தான், ஆனால் அடிப்படையே இல்லாத ஒருவரின் எண் அல்ல.

அதிர்ஷ்டத்தின் பங்கு

சராசரியை மட்டும் பார்த்து ஒருவரை எடை போடுவது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஜோர்டானின் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தக்கவர் டிம் டீபோ. அமெரிக்கக் கால்பந்தில் புகழ் பெற்ற டீபோ, பள்ளிக்காலத்துக்குப் பின் பேஸ்பாலே ஆடாமல் இருந்து, 2016-இல் 29 வயதில் நியூயார்க் மெட்ஸ் அணியில் சேர்ந்தார். 2018-இல் பிங்ஹாம்டன் அணிக்காக அதே டபுள்-ஏ நிலையில் 84 ஆட்டங்களில் அவருடைய சராசரி 0.273. மேலோட்டமாகப் பார்த்தால் ஜோர்டானைவிட 71 புள்ளிகள் (0.071) மேல்.

அந்தச் சராசரியைப் பிரித்துப் பார்ப்போம். டீபோ 271 வாய்ப்புகளில் 103 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார். ஆறு ஹோம் ரன்கள் அடித்தார். ஸ்ட்ரைக் அவுட்டுகளையும் ஹோம் ரன்களையும் கழித்துவிட்டால் களத்துக்குள் விழுந்த பந்துகள் 162. அவற்றில் 68 ஹிட்களாயின. அதாவது 0.420. பொதுவாக இந்த விகிதம் 0.300-ஐ ஒட்டியே இருக்கும். ஓட்டமும் பலமான அடியும் அதைச் சற்று உயர்த்தலாம், ஆனால் 0.420 என்பதை யாராலும் நெடுநாள் தாங்கிப் பிடிக்க முடியாது. வழக்கமான விகிதத்தில் விழுந்திருந்தால் டீபோவின் சராசரி 0.201 அளவில் இருந்திருக்கும். ஜோர்டானுக்கு இதே கணக்கைப் போட்டால், களத்துக்குள் விழுந்த 319 பந்துகளில் 85 ஹிட்கள், 0.266. வழக்கத்தைவிடக் குறைவு. அதை 0.300-க்கு உயர்த்தினால் அவருடைய சராசரி 0.226 ஆகும்.

இந்தக் கணக்கை முதன்முறை போட்டுப் பார்த்தபோது காகிதத்தை நான் மீண்டும் ஒருமுறை சரிபார்த்தேன். 71 புள்ளி பின்தங்கியிருந்தவர் 25 புள்ளி முன்னே வந்து நிற்கிறார். இதை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. டீபோ பந்தை ஜோர்டானைவிடப் பலமாக அடித்தார். பலமாக அடிபட்ட பந்து ஹிட் ஆவது வெறும் அதிர்ஷ்டம் அல்ல. இருவருக்கும் இடையில் 24 ஆண்டுகள் கடந்திருந்தன. அதற்குள் ஸ்ட்ரைக் அவுட்டுகள் எல்லா நிலைகளிலும் பெருகிவிட்டன என்பதால், காலத்தைக் கழித்துப் பார்த்தால் பந்தைத் தவறவிடுவதில் இருவரும் ஏறத்தாழ ஒரே தொலைவில் நிற்கிறார்கள். ஆனால் 2019-இல் டீபோவை ட்ரிபிள்-ஏ நிலைக்கு ஏற்றியபோது 77 ஆட்டங்களில் சராசரி 0.163-ஆக விழுந்தது. 0.273-ஐ நம்பியவர்களுக்கு அது வீழ்ச்சி. உள்ளே பிரித்துப் பார்த்தவர்களுக்கு எதிர்பார்த்த ஒன்று. ஜோர்டானின் 0.202-உம் அதே கவனத்தோடு படிக்கப்பட வேண்டிய எண்தான். அந்த எண் காட்டுவதைவிட அவர் சற்று மேலான ஆட்டக்காரர். அந்தச் சற்றை நீட்டி 0.270-க்குக் கொண்டுபோக எந்தக் கணக்கும் இடம் தராது.

பலம், ஓட்டம், களம்

ஜோர்டானைப் பற்றிய உண்மையான கவலை சராசரியில் இல்லை, பலத்தில் இருக்கிறது. 88 ஹிட்களில் 17 டபுள் (இரண்டு பேஸ் எட்டிய அடி), ஒரு ட்ரிபிள் (மூன்று பேஸ்), மூன்று ஹோம் ரன், ஆக மொத்தம் 21 மட்டுமே ஒரு பேஸுக்கு மேல் போனவை. அவருடைய ஸ்லக்கிங் விகிதம் (ஒரு வாய்ப்புக்கு அடியால் கிடைத்த பேஸ்களின் அளவு) 0.266, அதிலிருந்து சராசரியைக் கழித்தால் தூர அடியின் பங்காகக் கிடைப்பது வெறும் 0.064. வலது அவுட்ஃபீல்டில் (வெளிக்களத்தில்) நிற்கும் ஆட்டக்காரரிடம் அணிகள் முதலில் எதிர்பார்ப்பது இந்தப் பலத்தைத்தான். களத்தில் விழுந்த பந்துகள் ஹிட் ஆகும் விகிதம் குறைந்திருந்ததையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், மட்டையின் சரியான இடத்தில் பந்து படாமல் பலவீனமான அடிகள் நிறைய விழுந்திருக்கின்றன என்றே படிக்க வேண்டியிருக்கிறது. 51 ஆர்.பி.ஐ. (அவருடைய ஆட்டத்தால் அணிக்கு வந்த ரன்கள்) என்ற எண்ணைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. அது அவருக்கு முன்னால் ஆடியவர்கள் பேஸில் நின்றார்களா என்பதைப் பொறுத்தது. மதிப்பீட்டுக்கு அதிகம் உதவாது.

மூன்று ஹோம் ரன்களில் முதலாவதை மட்டும் தனியே சொல்ல வேண்டும். ஜூலை 30-ஆம் தேதி, ஹூவரில், கரோலினா மட்கேட்ஸ் அணிக்கு எதிராக, பிட்சர் கெவின் ரைச்செல் எறிந்த பந்து இடது களத்துக்கு அப்பால் போய் விழுந்தது. பருவம் தொடங்கி நான்காவது மாதம் முடியும் தறுவாயில் வந்த முதல் ஹோம் ரன் அது. பேஸ்களைச் சுற்றி வந்து ஹோம் பிளேட்டை மிதித்த ஜோர்டான் வானத்தை நோக்கிக் கையை உயர்த்தினார். மறுநாள் அவருடைய தந்தையின் பிறந்த நாள். மதிப்பெண் எழுதும் கணக்கில் அந்த அடி ஒரு ஹோம் ரன் மட்டும்தான். ஆனாலும் இந்த வழக்கைப் படிக்கும் எவரும் அந்த இரவைக் கடந்துபோக முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஓட்டத்தில் அவர் சராசரிக்கு மேல். 30 பேஸ்களைத் திருடினார் (அடிக்காக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), லீகில் முன்வரிசையில் இருந்தார். ஆனால் 18 முறை பிடிபட்டார். வெற்றி விகிதம் 62.5 விழுக்காடு. பத்தில் ஏழு முறையாவது வெற்றி பெறாவிட்டால் திருட முயல்வதே அணிக்கு நட்டம் என்பது பேஸ்பாலின் பழகிய கணக்கு. கால்களில் வேகம் இருந்தும், பிட்சரின் அசைவைப் படித்து எந்தக் கணத்தில் கிளம்புவது என்ற கலை கைவரவில்லை. மட்டையில் கண்ட அதே குறையின் மறுவடிவம் இது. களத்தடுப்பில் 11 பிழைகள், ஒரு அவுட்ஃபீல்டருக்கு அதிகம். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

என் மதிப்பெண்களை எழுதினால்: மட்டை இன்று 30, எட்டக்கூடியது 40, ஆட்டத்தில் வெளிப்படும் பலம் இன்று 20, எட்டக்கூடியது 30, ஓட்டம் 55, அது இனிக் குறையத்தான் செய்யும், களத்தடுப்பு 40, வளர்ந்தால் 45, எறியும் கை 40. இவை எண்களிலிருந்து நான் கணிப்பவை. மட்டைக்கு எட்டக்கூடியதாக 40-க்கு மேல் எழுத என்னைத் தடுப்பது அவருடைய பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான்.

அரிசோனாவும் பிரான்கோனாவின் ஆயிரமும்

பருவம் முடிந்ததும் ஜோர்டான் வீட்டுக்குப் போகவில்லை. அரிசோனா ஃபால் லீகில் ஸ்காட்ஸ்டேல் ஸ்கார்ப்பியன்ஸ் அணிக்கு ஆடச் சென்றார். ஒவ்வொரு மேஜர் லீக் அணியும் தன்னுடைய சிறந்த இளம் வீரர்களை அனுப்பிவைக்கும் இடம் அது. அந்த ஆண்டு அதே அணியில், பின்னாளில் மேஜர் லீக் நட்சத்திரமான நோமார் கார்சியபாராவும் இருந்தார். அங்கே 123 வாய்ப்புகளில் 31 ஹிட்கள், சராசரி 0.252. அரிசோனாவின் வறண்ட காற்று பந்தடிப்பவர்களுக்குச் சாதகமானது என்பதையும், 123 வாய்ப்புகள் மிகச் சிறிய மாதிரி என்பதையும் கழித்துக்கொள்ள வேண்டும். கழித்த பிறகும், ஆறு மாதங்களுக்கு முன் வளைந்து வரும் பந்தைக் கண்டு திணறியவர் அதைவிடத் தேர்ந்த பிட்சர்களை எதிர்கொண்டு ஐம்பது புள்ளிகள் ஏறியிருக்கிறார் என்பது மிச்சமிருக்கிறது. அது அவருடைய உழைப்பின் பலன் என்றே நான் கருதுகிறேன். வைட் சாக்ஸின் பேட்டிங் பயிற்சியாளர் வால்ட் ரினியாக், பர்மிங்ஹாமில் பயிற்சியளித்த மைக் பார்னெட் ஆகியோரோடு ஆட்டத்துக்கு முன்பும் பின்பும் பந்தடிப்புப் பயிற்சிக் கூண்டுக்குள் நின்று, கையில் கொப்புளம் வெடிக்கும்வரை பந்தடித்துப் பழகியவர் ஜோர்டான்.

பர்மிங்ஹாமிலும் ஸ்காட்ஸ்டேலிலும் அவரை நிர்வகித்தவர் டெர்ரி பிரான்கோனா. பின்னாளில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு 2004, 2007 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடர் வென்று கொடுத்த அதே பிரான்கோனா. இன்னும் ஆயிரம் வாய்ப்புகள் கிடைத்திருந்தால் ஜோர்டான் மேஜர் லீகை எட்டியிருப்பார் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு பருவம் முழுக்க நாள்தோறும் அருகிலிருந்து பார்த்தவரின் வாக்கை நட்பின் வெளிப்பாடு என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. அதே வேளையில் அந்த ஆயிரத்தின் பொருளைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஆயிரம் வாய்ப்புகள் என்றால் முழுதாக இரண்டு பருவங்கள். 1996-இன் முடிவில் ஜோர்டானுக்கு 33 வயது ஆகியிருக்கும். பெரும்பாலான பந்தடிப்பாளர்களுக்கு உச்சம் முப்பதுக்கு முன்பே வந்து போய்விடும். கால்வேகம் அதற்கும் முன்பே தேயத் தொடங்கும். கற்றல் மேலே ஏற்றும் அதே நேரத்தில் உடல் கீழே இழுக்கும்.

வயதின் எடையை உணர இதே டபுள்-ஏ படியில் இன்னொருவரைப் பார்க்கலாம். 2011-இல் ஆர்கன்சா டிராவலர்ஸ் அணிக்கு 19 வயதில் ஆடிய மைக் டிரவுட்டின் சராசரி 0.326, 91 ஆட்டங்களில் 11 ஹோம் ரன்கள், 33 பேஸ் திருட்டுகள். அதே ஆண்டு மேஜர் லீகுக்கு ஏற்றப்பட்டு 40 ஆட்டங்களில் 0.220 மட்டுமே அடித்தார். அந்த 0.220-ஐக் கண்டு எந்த ஸ்கவுட்டும் தன் அறிக்கையைத் திருத்தவில்லை, ஏனென்றால் திருத்திக்கொள்ள அவருக்கு முன்னால் பத்து ஆண்டுகள் கிடந்தன. மறு ஆண்டே 0.326 அடித்து, ஒருமனதாக ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் ஆனார். டிரவுட்டின் 0.220-உம் ஜோர்டானின் 0.202-உம் எழுத்தில் பக்கத்துப் பக்கத்து எண்கள். முன்னதைப் பொறுமையோடும் பின்னதை முடிவாகவும் படிக்க வைத்தது இருவருக்கும் இடையிலுள்ள பன்னிரண்டு வயதுதான்.

ஆகவே என் தீர்ப்பு பிரான்கோனாவோடு பாதி வழி வரும். எட்டுவது என்றால், ஓட்டத்துக்காகவும் வாக் பெறும் பொறுமைக்காகவும் ஓர் அணியின் ஐந்தாவது அவுட்ஃபீல்டராக அவர் சில மாதங்கள் மேஜர் லீகில் இருந்திருக்கக்கூடும். அதை நான் நம்புகிறேன். நாள்தோறும் ஆடும் வீரராக நிலைத்திருப்பார் என்று எழுத, 0.064 என்ற அந்தத் தூர அடிக் கணக்கு என்னை விடவில்லை. பெயரை மறைத்துக் கொடுத்த அறிக்கையில் வருங்கால வீரர் என்ற சொல்லை நான் பயன்படுத்தியிருக்க மாட்டேன். ஆனால் அடுத்த பருவத்துக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கவும், ஒரு படி கீழே இறக்கி ஏ நிலையில் நூறு ஆட்டங்கள் ஆடவிடவும் பரிந்துரைத்திருப்பேன். பர்மிங்ஹாம் அவருக்குத் தராத ஒன்று, தவறு செய்து திருத்திக்கொள்ளும் அமைதி, அங்கே கிடைத்திருக்கலாம்.

அந்தப் பருவம் வரவில்லை. 1994 ஆகஸ்ட் 12-இல் தொடங்கிய மேஜர் லீக் வீரர்களின் வேலைநிறுத்தம் அந்த ஆண்டின் உலகத் தொடரையே ரத்து செய்ய வைத்தது. 1995 வசந்த காலப் பயிற்சி முகாம்களில் உரிமையாளர்கள் மாற்று வீரர்களைக் கொண்டு அணிகளை நிரப்பத் தொடங்கினார்கள். வேலைநிறுத்தம் செய்யும் வீரர்களுக்கு எதிராகத் தன்னைப் பயன்படுத்துவதை ஜோர்டான் ஏற்கவில்லை. மார்ச் 10-ஆம் தேதி பேஸ்பாலை விட்டு விலகுவதாக அறிவித்தார். ஒன்பது நாள் கழித்து இண்டியானாபொலிசில் புல்ஸ் சட்டையோடு களத்தில் நின்றார். அந்தச் சட்டையிலும் எண் 45-தான். பர்மிங்ஹாமின் 436-உம் அரிசோனாவின் 123-உம் சேர்ந்து 559 வாய்ப்புகளோடு அவருடைய பேஸ்பால் கணக்கு நின்றுவிட்டது.